அவரைக்காய் பார்த்த பக்கம்

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் விடியலில், வேம்பனூர் உழவர் சந்தையின் நாலு சுவருக்குள் வைத்த காயெல்லாம் தன்னை ஊன்றிய கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகக் காம்பைத் திருப்பிக்கொண்டது. ஏன் எதற்கு என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழை பெய்தால் நனைகிறோம், காய் திரும்பினால் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், வேறென்ன செய்வது? முதலில் கத்திரிக்காய்க் குவியலில் எலி ஓடினாற்போல ஒரு சலசலப்பு, அப்புறம் வெண்டை, அப்புறம் பச்சைமிளகாய், பிறகு அரசாணிப் பூசணிகூடப் பெருமூச்சு விட்டுப் புரண்டு, ஒருவர் வெற்றிலையை மென்று துப்புகிற நேரத்துக்குள், பந்தியில் உட்கார்ந்தவர்கள் பாயசம் வரும் பக்கம் பார்க்கிற மாதிரி, அத்தனையும் ஒவ்வொரு ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றன. சந்தை அதிகாரி மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். மேலிடத்திலிருந்து வந்த கண்ணாடிக்காரர் இரண்டு கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். தாண்டியதும் அவை வெறும் கத்திரிக்காயாகக் கிடந்தன, அவரும் டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

சந்தை அதற்குப் பழகிக்கொண்ட அழகைத்தான் சொல்ல வேண்டும். மண்டியில் வாங்கி வந்து சொந்தத் தோட்டத்துக் காய் என்று விற்றுக்கொண்டிருந்தவர்களின் தக்காளி மொத்தமாக மைசூர் ரோட்டைப் பார்த்தது. அவர்கள் மறுநாள் காம்பைக் கிள்ளிக்கொண்டு வந்தார்கள், காம்பில்லாத காயைக் கையால் தொடமாட்டோம் என்று ஊர்ச்சனம் சொல்லிவிட்டது. புருஷன் பேரில் அடையாள அட்டை, புருஷன் உட்கார்ந்து வியாபாரம், ஆனால் வெண்டைக்காய் அவனைத் தாண்டி வீட்டில் மாடு கறந்துகொண்டிருக்கும் பெண்டாட்டியைப் பார்த்தது என்றால் அந்த ஆம்பளை எத்தனை நாள் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார முடியும்? கார்த்திகை பிறப்பதற்குள் பாதிக் கடையில் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் அந்த முருங்கைக்காய். செத்துப்போன தகப்பன் வைத்த மரத்துக் காயை ஒருவன் கொண்டுவந்து போட்டான், அது காம்பைத் தரையில் ஊன்றித் தலைகீழாக நின்றது. ஒரு நாள் நல்ல வியாபார நேரத்தில் ஒரு கடைச் சுரைக்காயெல்லாம் வடக்கே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லமெல்ல மண்ணுக்குக் குனிந்ததைப் பார்த்து, ஊன்றிய கிழவர் ஆஸ்பத்திரியில் போய்விட்டார் என்று போன் வரும் முன்பே மருமகள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். அதிலிருந்து, காம்பு கீழே பார்த்தால் சாவு என்பது சந்தைக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத பாடமாகிவிட்டது.

இதில் அவரைக்காய் மட்டும் தனி. அந்தப் பக்கத்தில் அவரை விதையை வீட்டுக் கன்னிப்பொண்ணு கையால்தான் ஊன்றுவார்கள், அப்போதுதான் கொடி பந்தலைவிட்டு இறங்காது என்று ஒரு நம்பிக்கை. ஆகவே எந்த வீட்டு அவரையும் அந்த வீட்டுப் பெண் இருக்கும் பக்கம் பார்த்தது. காலேஜ் பக்கம், டைப்ரைட்டிங் வகுப்புப் பக்கம், பனியன் கம்பெனிப் பக்கம். காய் வாங்க வராத அப்பன்மாரெல்லாம் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, அவரைக் கூறுக்கு முன்னால் நின்று, காலேஜ் இருக்கிற திசையைக் கையை நீட்டி அளந்துவிட்டுப் போனார்கள். கேவலம் ஒரு காய், அதற்குக் காவல்காரன் உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள். சினிமாவுக்குப் போகிற பெண்கள் தங்கள் வீட்டு அவரை சந்தைக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போகப் பழகிக்கொண்டார்கள்.

பாவாயி கதைக்கு வருவோம். சந்தையின் கடைசி வரிசையில் கத்திரிக்காய்க் கடை அவளுடையது. புருஷன் இல்லை. ஒரே மகள் மேகலா, ஆடியில் பந்தலடியில் உட்கார்ந்து அவரை விதையை ஊன்றினாள், கொடி பந்தலைப் பிடிக்கிற சமயத்தில் பிரதாப் என்கிற பையனோடு போய்விட்டாள். பையன் வேறு சாதி. போனதுகூடப் பாவாயிக்கு ஒரு ராத்திரி அழுகைதான், மகள் எங்கோ நன்றாக இருந்தால் சரி என்று மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துவிட்டாள். புருஷனுடைய தம்பி நல்லசிவத்துக்கு அப்படி இல்லை. பேரில் சிவமும் நல்லதும் இருந்து என்ன? அண்ணன் மகள் போன அன்றைக்கே வண்டியில் இரண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு அரிவாளைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டான். மகள் கூப்பிட்டால் தெரியட்டும் என்று பாவாயியின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். பிரதாப்புக்கு மூன்று பக்கம் சொந்தம் இருந்தது, வடக்கே மலையடிவாரத்தில், மேற்கே நூல் மில் ஊரில், கிழக்கே ஆற்றோரத்தில். ஒவ்வொரு இடமாகப் போய்த் தேடினால் முதல் இடத்துச் சேதி கேட்டு மற்ற இடத்தில் இருக்கிற ஜோடி ஓடிவிடும். எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பஞ்சாயத்தில் உட்கார்ந்தே சொன்னான். பஞ்சாயத்து வெற்றிலைத் தட்டை அடுத்த ஆளுக்கு நகர்த்தியது.

காய் திரும்பிய முதல் நாள் பாவாயி அவரையும் கொண்டுபோயிருந்தாள். கத்திரிக்காயெல்லாம் அவளைப் பார்க்க, அவரைக்காய் மட்டும் அவளுக்குப் புறம் காட்டி வடக்கே பார்த்தது. இன்னும் சந்தைக்கு அர்த்தம் பிடிபடவில்லை, ஆனால் பெற்றவளுக்குப் பிடிபட்டுவிட்டது. முந்தானையை எடுத்துக் கூறின் மேல் போட்டு, சாக்கில் வாரிக் கட்டிவிட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவரையை வீட்டிலேயே வைத்து வதக்கித் தின்றுவிட்டுக் கத்திரிக்காயை மட்டும் கொண்டுவந்திருந்தால் அவளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் மகள் இருக்கிறாளா இல்லையா, சாப்பிட்டாளா இல்லையா என்று ஒரு சொல்கூட வராத வீட்டில், காய் ஒன்று சொல்கிறது என்று தெரிந்த பிறகு எந்தத் தாய் அதைக் கேட்காமல் இருப்பாள்? வீட்டில் அது திரும்பாது, சந்தைச் சுவருக்குள்தான் திரும்பும். அதனால் தினமும் ஒரு கைப்பிடி அவரையைக் கூடையின் அடியில் போட்டு மேலே கத்திரிக்காயைப் பரப்பிக்கொண்டு வந்தாள். கூட்டம் ஓய்கிற நேரத்தில் கையை உள்ளே விட்டு, காம்பைத் தடவி, வடக்கே, இன்றும் வடக்கே, கீழே இல்லை, சாமி, கீழே இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கையை எடுத்தாள். ஒருநாள் மேற்கே திரும்பியிருந்தது. இடம் மாறிவிட்டாள், புத்திசாலி, என்று அன்றைக்கு ஒரு டீ அதிகமாகக் குடித்தாள்.

நல்லசிவத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அண்ணன் வீட்டு அவரையை ஊன்றியது யார் என்று அவனுக்குத் தெரியாதா? தினமும் காலையில் வந்து, எதிரே இருந்த வாழைக்காய்க் கடைத் தூணில் சாய்ந்துகொண்டு, கண்கொத்திப் பாம்பாக அண்ணியின் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட வந்த இரண்டு ஆட்களும் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு நின்றார்கள். அவரைக்காய் என்னாச்சுங்க அண்ணி என்று ஒருநாள் கேட்டான், கொடியில பேன் விழுந்து கருகிப்போச்சு தம்பி என்றாள். பூப்பிடிக்கையில் நான் பார்த்தேனே என்றான். பூவோட கருகிப்போச்சு என்றாள். அவள் கை அந்த நேரம் கூடையின் அடியில் இருந்தது. விரலுக்குக் கீழே காம்பு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தைச் சுவருக்குள், வாசலை ஒட்டியிருந்த சமையல் கொட்டகைத் தெய்வானை. பழைய பருத்திக் கிடங்கின் மூலை அது. அன்றன்று சந்தைக்கு வருகிற காயை வைத்து அன்றன்றைக்குச் சமைப்பது அவள் வழக்கம். மழைக்காலத்தில் கீரைக் கடைசல், பனி தொடங்கினால் அவரையும் தட்டப்பயறும், தை மாசம் மொச்சைக் குழம்பு, கோடையில் மாங்காய் போட்ட பருப்பு. இல்லாத காயைக் கேட்டால் வாயிலேயே போடுவாள். காய் திரும்பத் தொடங்கியபோது அவள் ஒருத்திதான் அசரவில்லை, காம்பைக் கிள்ளிப்போட்டால் தீர்ந்தது என்று சொல்லி அரிவாள்மணையில் உட்கார்ந்துவிட்டாள். சொன்னதுபோலவே, காம்பு போன காய் எந்தப் பக்கமும் பார்க்காமல் வேகத்தான் செய்தது. சந்தைக்காரர்கள் எல்லோரிடமும் அவள் நம்பர் இருந்தது, வீட்டுப் பிள்ளைகளும் அம்மா கிளம்பிவிட்டாளா என்று கேட்க அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு அந்தச் சந்தையில் பானை நாள். அன்றைக்கு விற்பனை கிடையாது. கடைக்கு ஒரு படியாகக் காய் கொண்டுவந்து, தெய்வானையின் அடுப்புக்கு முன்னால் விரித்த தலைவாழை இலைகளில் கொட்டி, எல்லாரும் உட்கார்ந்து அரிந்து, ஒரே பானையில் கூட்டாக்கி, ராகிக் களியோடு ஊருக்குப் போடுவார்கள். அன்று வாசலுக்குள் வந்த காய் பானைக்கு, திரும்பி வெளியே போகக்கூடாது. பாவாயி தன் பங்குக்குக் கத்திரிக்காயோடு வந்தாள். வந்தவளைத் தெய்வானை அடுப்புப் பக்கம் அண்டவிடாமல் தேங்காய் துருவ வாசலோரம் உட்கார்த்திவிட்டாள். வழக்கமாக இலை விரிக்கிற இடத்தை விட்டுவிட்டு, கொட்டகைக்குள் வெங்காய மூட்டைகளை ஒதுக்கிவைத்த கல்தளத்தில் இலை விரித்திருந்ததையும், தெய்வானையின் முகம் தூக்கம் இல்லாமல் வீங்கியிருந்ததையும் பாவாயி பார்த்தாள். பானை நாள் வேலை என்று நினைத்துக்கொண்டு தேங்காயை எடுத்தாள்.

காய் அரிந்து பாதி ஆகியிருக்கும். நல்லசிவம் தோளில் ஒரு கூடையோடு வாசலில் நுழைந்தான். கூடை நிறைய அவரைக்காய். பனி ஈரம் காயாத, ஊதா விளிம்பு வைத்த, முற்றாத அவரைக்காய். அந்த ஊதா விளிம்பு தன் பந்தலைத் தவிர எங்கும் கிடையாது என்று பாவாயிக்குத் தெரியும். கையிலிருந்த தேங்காய் மூடி உருண்டு போனது.

"பேன் விழுந்த காய்ங்க அண்ணி," என்று அவன் கூட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னான். "பானைக்கு எங்க வீட்டுப் பங்கு வேண்டாமா? அதான் நானே பறிச்சுக்கிட்டு வந்தேன்."

பாவாயி ஓடிவந்து கூடையைப் பிடித்தாள். அவன் ஒரு கையால் அவளை விலக்கினான். சரியாகச் சொன்னால், தள்ளினான். அப்படியே அவள் கடைப் பக்கம் போய் மேடையில் கொட்டத்தான் பார்த்தான், தெய்வானை கரண்டியோடு குறுக்கே வந்து நின்றாள்.

"பானை நாள்ல வந்த காயை இலையிலதானுங்க கொட்டோணும். உங்களுக்கு ஒரு முறை, ஊருக்கு ஒரு முறையா?"

நல்லசிவத்துக்கும் அதுதான் தேவை. நாலு பேர் பார்க்க நடக்கட்டும் என்று கொட்டகைக்குள் வந்து, கல்தளத்தில் விரித்த இலையில் கூடையைக் கவிழ்த்தான். இரண்டு ஆட்களும் வேர்க்கடலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் வண்டிச் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான்.

அரிந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். பக்கத்து இலைகளில் மற்ற வீட்டு அவரைகள் தத்தம் பெண்களைப் பார்த்துக் கிடந்தன, ஒன்று காலேஜ் விடுதியை, ஒன்று பனியன் கம்பெனியை, ஒன்று அங்கேயே தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து அவள் போகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டு. பாவாயி அந்தக் குவியலைப் பார்த்தாள். மேற்கே திரும்பாதே, என் தாயே, எந்தப் பக்கமும் திரும்பாதே, காயாகவே கிட, உன்னைப் பெற்ற கொடிக்கு நான் தண்ணீர் ஊற்றினேனே, அந்த நன்றிக்காவது சும்மா கிட என்று வாய்விட்டுச் சொல்லாமல் உதடு மட்டும் அசையக் கும்பிட்டாள். குவியலில் சலசலப்பு வந்தது. மேலே கிடந்த காய்கள் மேற்கே புரள்வதுபோலப் புரண்டன, நல்லசிவத்தின் கழுத்து அந்தப் பக்கம் நீண்டது, அப்புறம் அவை தயங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காம்பை இலையில் ஊன்றி, வாலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, தலைகீழாக நின்றன. ஒன்று பாக்கி இல்லாமல் எல்லாம் நின்றன.

நல்லசிவம் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். உங்களில் எவன், எனக்குச் சொல்லாமல், என்று கேட்கிற பார்வை அது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு அவனைப் பார்த்தார்கள், அதே கேள்வியோடு. இத்தனை நாள் அரிவாளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தால் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

பாவாயி போட்ட சத்தத்தில் சந்தைச் சுவரில் இருந்த காக்கையெல்லாம் எழுந்தன. அவள் இலையின் மேல் விழுந்தாள், அந்தக் காய்களை வாரி மார்போடு அணைத்தாள். அணைப்புக்குள்ளும் அவை கீழேதான் பார்த்தன. பந்தல் போடறேன்னு சொல்லி உன்னைப் பாடையில போட்டேனா, என் சாமி, விதை ஊனச் சொன்ன என்ற வாயில மண்ணு விழ என்று அவள் அலறியதைக் கேட்டு, எதற்கும் கலங்காத வாழைக்காய்க் கடைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். பெண்கள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். நல்லசிவம், தலைமுழுகிட்டு வர்றோம் என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டு, காலிக் கூடையைக்கூட எடுக்காமல் போனான். வண்டி ஆற்றுப் பக்கம் போகிற சத்தம் தேய்ந்து நிற்கிறவரைக்கும் தெய்வானை வாசலில் நின்று காதைக் கொடுத்தாள். பிறகு எல்லாரையும், கொஞ்சம் காத்து வரட்டும், வெளியே போங்க என்று விரட்டிவிட்டுக் கொட்டகைப் படலை இழுத்துச் சாத்தினாள்.

"எந்திரி பாவாயி. அழுதது போதும்."

பாவாயிக்குக் காதில் விழவில்லை. தெய்வானை குனிந்து, அவளையும் காய்களையும் சேர்த்து இலையோடு ஒரு பக்கமாக இழுத்தாள். இழுக்க இழுக்க, மடியில் இருந்த காயெல்லாம் காம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, விட்டுவந்த இடத்தைப் பார்த்தன. அந்த இடத்தில், கல்லுக்கு நடுவில், ஒரு இரும்பு வளையம் இருந்தது. பருத்திக் கிடங்குக் காலத்து நிலவறை. வெங்காயம் அழுகாமல் இருக்க அதில்தான் அடுக்குவாள் தெய்வானை.

"காய் பொய் சொல்லல. கீழ இருக்கான்னு சொல்லுச்சு, கீழதான் இருக்கா. அதுக்குச் சாவுன்னு பேர் வெச்சது நாமதான்."

நடந்தது இதுதான். மேகலா அம்மாவின் நம்பருக்கு அடிக்கப் பயந்து, தெய்வானைக்கு அடித்து, அம்மா சாப்பிடுகிறதா என்று கேட்டிருக்கிறாள். நல்லசிவம் பந்தலைச் சுற்றி வருவதைத் தெய்வானை கேள்விப்பட்டிருந்தாள். பானை நாளில் காயோடு வருவான் என்று கணக்குப் போட்டு, களிக்கு மாவு கொண்டுவருகிற வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே விடிவதற்குள் பெண்ணைக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அவன் தேடுகிற ஆளை அவன் காலடியிலேயே வைத்தாள், நெஞ்சழுத்தக்காரி.

பாவாயி எழுந்தாள். எழுந்தவள் தெய்வானையின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். இன்னொன்றும் விட்டாள். எனக்கொரு சொல் சொல்லியிருக்கக்கூடாதா பாவி, என்ற உசிர் போயிடுச்சேடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே கேட்காமல், அடிக்குரலில் கேட்டாள்.

தெய்வானை கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "சொல்லியிருந்தா அழுதிருப்பியா? உன்ற மூஞ்சிக்குப் பொய் சொல்ல வருமா? பேன் விழுந்துச்சுன்னு நீ சொன்ன லட்சணத்துலதான் அவன் பந்தலுக்கே போனான்."

இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்த அவரைக்காய்களின் காம்பை ஒன்று விடாமல் கிள்ளினார்கள், நாரை உரித்தார்கள், பானையில் போட்டார்கள். வெளியே ஒப்பாரி ஓயவில்லை. கூட்டு வெந்ததும் தெய்வானை வளையத்தைப் பிடித்துக் கல்லை ஒரு முழம் தூக்கினாள், பாவாயி தரையில் கவிழ்ந்து படுத்து ஒரு தட்டை இருட்டுக்குள் நீட்டினாள். வெங்காய வாசத்தோடு ஒரு கை மேலே வந்து தட்டைப் பிடித்தது, தட்டோடு சேர்த்து அம்மாவின் சுண்டுவிரலையும் பிடித்துக்கொண்டது. மெல்லுகிற சத்தம் வந்தது.

"உப்புப் போடலையாம்மா?"

போடவில்லைதான். அவ்வளவு அமளியில் உப்பு யாருக்கு நினைவு வரும்? பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை, அழுகையும் சிரிப்புமாக முதுகு குலுங்கிற்று. படலுக்கு வெளியே இருந்தவர்கள் பாவம் சித்தம் கலங்கிவிட்டது என்று இன்னும் பலமாக அழுதார்கள். அன்றைக்கு உப்பில்லாத கூட்டைத்தான் ஊரே தின்றது, சாவு விழுந்த சோறு என்று ஒருவரும் குறை சொல்லவில்லை.

பெண் அன்று ராத்திரி மாவு வண்டியிலேயே திரும்பிப் போனாள். எந்த ஊர் என்று பாவாயி கேட்கவில்லை, கேட்டால் தன் முகம் சொல்லிவிடும் என்று இப்போது அவளுக்கே தெரியும். நல்லசிவம் மொட்டையடித்துக் கருமாதி வைத்தான். உயிரோடு இருக்கிற மகளின் கருமாதி இலையில் உட்கார்ந்து பாவாயி வடையும் பாயசமும் சாப்பிட்டாள், அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான், வாங்கிக்கொண்டாள். அதில் எந்த நம்பரும் கூப்பிடாது, கூப்பிடக்கூடாது. பந்தலைப் பிரித்துக் கொடியை அறுத்துப் போட்டாள். இனி அந்த அவரை சந்தையில் தலையைக் காட்டினால், நேராக நிமிர்ந்து ஒரு பக்கம் பார்த்துவிடும், அப்புறம் எல்லாம் போச்சு. பெண் பிழைத்தாள், பெண்ணின் செய்தி போயிற்று. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை வாங்குவது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

என்றாலும் தை பிறந்து மொச்சை வாசம் சந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு காலையில், கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில், பாவாயி எடை போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகிய சுருக்குப்பையில், வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில், அறுத்த கொடியிலிருந்து எடுத்து வைத்த ஒற்றை அவரைக்காய், சுருங்கிக் காய்ந்து, காம்போடு இருந்தது. அது அசைந்தது. துணிக்கு மேலாகவே காம்பு இடது இடுப்பில் முள் மாதிரிக் குத்தியது. கீழே இல்லை, பக்கவாட்டில், நன்றாக நிமிர்ந்து, சுரீரென்று குத்தியது. எதிரே வாழைக்காய்க் கடைத் தூணில் சாய்ந்து நல்லசிவம் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பாவாயி முகத்தை ஒரு துளி மாற்றவில்லை. "கத்திரிக்காய் ஒரு கிலோ போடட்டுங்களா?" என்று கேட்டாள், குத்துகிற பக்கமாக இடுப்பை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்துக்கொண்டு.